பெட்ரோல் காரில் மைலேஜுக்காக நாமே செய்யும் மாற்றங்கள்: எதில் தொடங்குவது, எதைத் தொடக்கூடாது?

#1 நான்காம்கியர்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், டர்போ கிடையாது. ஆளோடு சேர்த்து எடை 1,100 கிலோ. ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், 80-90 கிமீ வேகத்தில். செய்ய நினைப்பவை நான்கு: முன் கிரில்லைப் பாதி மூடுவது, வண்டிக்கு அடியில் தட்டையான பலகை கட்டுவது, வீலுக்குத் தட்டையான மூடி, இன்டேக்குக்கு (எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழி) சூடான காற்று. கையில் 4 மிமீ கோரோபிளாஸ்ட் ஷீட் (நடுவில் குழல் குழலாக ஓடும் பிளாஸ்டிக் அட்டை), ஜிப் டை, 20 மிமீ அலுமினிய ஆங்கிள், ப்ளூடூத் ஓபிடி ரீடர் (வண்டியின் கணினி தரும் அளவுகளை ஃபோனில் காட்டும் கருவி) இருக்கின்றன. எந்த வரிசையில் செய்யலாம்? பலன் வந்ததா இல்லையா என்று எப்படி உறுதி செய்வது?

#2 வளிக்கணக்கு

முதலில் எதை எதிர்த்து வண்டி போகிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் மாதிரி வண்டிக்கு இழுவைக் குணகம் (வண்டியின் வடிவம் காற்றில் எவ்வளவு சிக்குகிறது என்ற எண்) 0.30, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், டயரின் உருள் குணகம் (எடையில் எந்தப் பங்கு உருளும் எதிர்ப்பாகிறது என்ற எண்) 0.010 என்று வைத்துக்கொள்கிறேன். டயர் எதிர்ப்பு எந்த வேகத்திலும் ஏறக்குறைய 108 நியூட்டன். காற்றின் எதிர்ப்பு 50 கிமீ வேகத்தில் 76, 80-ல் 196, 100-ல் 306 நியூட்டன். இரண்டும் சமமாகும் இடம் 59 கிமீ வேகம்.

ஆக, 80-ல் மொத்த எதிர்ப்பில் 64 சதவீதம் காற்றுதான். உங்கள் ஓட்டத்துக்குக் காற்றை வழுக்கவிடும் வேலை எல்லாமே அர்த்தமுள்ளது. நகரத்துக்குள் நின்று நின்று ஓட்டுபவருக்கு இதே வேலையால் ஒன்றும் கிடைக்காது. அங்கே பெட்ரோல் போவது எடையைத் திரும்பத் திரும்ப வேகமெடுக்க வைப்பதிலும், அதைப் பிரேக்கில் சூடாக்கித் தொலைப்பதிலும்.

ஒரு எச்சரிக்கை. காற்றின் இழுவையை 10 சதவீதம் குறைத்தால் 80-ல் மொத்த எதிர்ப்பு 6.4 சதவீதம் குறையும். பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது. எஞ்சினின் உள் உராய்வுக்கும் த்ராட்டிலில் (உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) காற்றை இழுப்பதற்கும் போகிற பெட்ரோல் அப்படியே இருக்கும். 3-4 சதவீதம் கிடைத்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். "ஒரு பலகை கட்டினேன், 20 சதவீதம் ஏறியது" என்று யாராவது சொன்னால் அவர் அளந்த முறையைக் கேளுங்கள்.

#3 ஸ்பேனர்14

கோரோபிளாஸ்ட்டை வெட்டுவதற்கு முன் ஜாக்கியை எடுங்கள். உரசும் பிரேக்கோடு ஓடுகிற வண்டிக்குக் காற்றியல் வேலை செய்வது ஓட்டைக் குடத்துக்குப் பெயின்ட் அடிப்பது போல.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தூக்காத வீல்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்டு போடுங்கள். நியூட்ரலில் வைத்து, பிரேக் பெடலை ஒருமுறை நன்றாக மிதித்து விட்டபின் வீலைக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசும் சத்தத்தோடு பின் வீல் ஒன்றிரண்டு சுற்று ஓட வேண்டும். முன் வீல் டிஃபரன்ஷியலையும் சேர்த்துச் சுற்றுவதால் சீக்கிரம் நிற்கும், அது இயல்பு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதுதான் முக்கியம். இன்னொரு வழி: 20 கிமீ பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, உருட்டி நிறுத்தி, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் டிஸ்க் சூட்டைப் பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் சூடான பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

பெரும்பாலும் குற்றவாளி காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி. ரப்பர் பூட்டில் ஒரு கீறல் போதும்; தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் காபிப் பொடிக் குழம்பு மாதிரி ஆகிவிடும். பின்னை உருவினால் விரலளவு நீளத்துக்குத் துரு வரிவரியாகத் தெரியும். அந்த நிலையில் பிஸ்டன் பேடைத் தள்ளும், ஆனால் காலிப்பர் திரும்பி நகராது, வெளிப்பக்க பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் கிளீனரால் கழுவி, நார்ப் பட்டையால் தேய்த்து, பள்ளம் விழுந்திருந்தால் பின்னையே மாற்றி, புது பூட் போட்டு, பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். சாதாரண சேசிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கனிம எண்ணெய் ரப்பரை ஊதவைத்துப் பின்னை இன்னும் இறுக்கிவிடும். இரண்டு பின்னில் ஒன்றுக்கு ரப்பர் வளையம் இருந்தால் இடம் மாற்றாதீர்கள். போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) முடுக்குங்கள்.

அடுத்தது டயர் காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் அடிப்படை, டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவு அல்ல. காலையில் வண்டி ஓடுமுன் பாருங்கள். ஒவ்வொரு 5-6 டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கும் 1 பிஎஸ்ஐ மாறும். நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. 8 பிஎஸ்ஐ குறைவாக ஓடுகிற வண்டிக்கு வெறும் காற்றடித்தாலே 1.6 சதவீதம் திரும்ப வரும். ஸ்டிக்கருக்கு மேல் 2-3 பிஎஸ்ஐ வரை சரி. அதற்கு மேல் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் பிரேக் தூரம் கூடும்.

#4 பல்சக்கரம்

ஸ்பேனர்14 சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன், இரண்டுமே ஓபிடியில் தெரியும்.

கூலண்ட் வெப்பநிலை: சீராக 80-ல் போகும்போது 75 டிகிரிக்குக் கீழேயே நின்றால், அல்லது இறக்கத்தில் மளமளவென்று இறங்கினால், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கிறது. எஞ்சின் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் கெட்டியாகவே இருக்கும்.

நீண்டகால ஃப்யூவல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்தும் சதவீதம்): பிளஸ் மைனஸ் 5-க்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். பிளஸ் என்றால் இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு, புகை மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் குழாய்த் தொகுதி) அருகே சைலன்சர் ஓட்டை, பலவீனமான பெட்ரோல் பம்ப். மைனஸ் என்றால் ஒழுகும் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை), கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர் டயாஃப்ரம். ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) சோம்பலாகிவிட்டால் டிரிம்மே பொய் சொல்லும். சூடான எஞ்சினில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விறுவிறுவென்று ஏறி இறங்க வேண்டும். அகலப்பட்டை சென்சார் உள்ள வண்டிக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

#5 டீசல்காரன்

ஏர் ஃபில்டரை யாரும் சொல்லவில்லையே? அதுதானே முதல் வேலை?

#6 பல்சக்கரம்

கார்புரேட்டர் காலத்து அறிவுரை அது, நண்பரே. அப்போது சரி. இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் ஈசியூ உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகம் மிதிப்பீர்கள், அவ்வளவுதான். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் மைலேஜ் மாறவில்லை, வேகமெடுக்கும் திறன் மட்டும் குறைந்தது. எஞ்சினைத் தூசியிலிருந்து காக்க நேரத்துக்கு மாற்றுங்கள், மைலேஜுக்காக அல்ல.

#7 அளவுகோல்

கேட்டவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்: பலனை எப்படி உறுதி செய்வது? இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் நம்பிக்கைதான்.

டேங்க் கணக்கு: 30 லிட்டர் நிரப்பும்போது 1 லிட்டர் முன்பின் நின்றால் 3.3 சதவீதப் பிழை. நீங்கள் தேடும் லாபமே அவ்வளவுதான். அதனால் ஒரே பம்ப், வண்டி ஒரே திசையில், முதல் க்ளிக்கில் நிறுத்தம். குறைந்தது மூன்று டேங்க் மாற்றத்துக்கு முன், மூன்று பின், அதன்பின் மாற்றத்தைக் கழற்றிவிட்டு மறுபடி மூன்று. கழற்றிப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல. இடையில் வெயில் கூடியிருக்கும், காற்றடிக்கும் திசை மாறியிருக்கும்.

ஓபிடி கணக்கு: மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள பெட்ரோல் வண்டிக்கு, விநாடிக்கு வரும் காற்றின் கிராமை 14.7-ஆல் (ஒரு கிராம் பெட்ரோல் எரியத் தேவையான காற்று) வகுத்து, 3,600-ஆல் பெருக்கி, 745-ஆல் (ஒரு லிட்டர் பெட்ரோலின் கிராம் எடை) வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். காற்று 10 கிராம் என்றால் மணிக்கு 3.3 லிட்டர். உங்கள் மாதிரி சிறிய வண்டிகள் பலவற்றில் அந்த சென்சார் கிடையாது, இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தை வைத்து ஆப் ஊகிக்கும். அப்போது டேங்க் கணக்கோடு ஒப்பிட்டு ஆப்பில் திருத்த எண்ணைப் போட்டாக வேண்டும். டீசலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே காற்று எப்போதும் மிகுதி.

உருட்டுச் சோதனை: காற்றியல் மாற்றத்துக்கு இதுதான் என் விருப்பம். வாகனம் வராத நேரான சமதளச் சாலை, காற்றில்லாத விடியற்காலை, 20 நிமிடம் ஓட்டிச் சூடான டயர். 90-க்கு ஏற்றி, நியூட்ரலுக்கு மாற்றி, 80-லிருந்து 60-க்கு இறங்க எத்தனை விநாடி என்று ஓபிடி வேகத்தை வைத்து எடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். #2-ல் உள்ள எண்களின்படி உங்களுக்குச் சுமார் 24 விநாடி வரும். காற்றிழுவை 10 சதவீதம் குறைந்தால் 25.5 ஆகும். வித்தியாசம் ஒன்றரை விநாடிதான்! ஆகவே இரு திசையிலும் ஐந்தைந்து முறை ஓட்டி சராசரி எடுங்கள். ஒரே திசையில் எடுத்த எண்கள் தமக்குள்ளேயே ஒரு விநாடிக்கு மேல் சிதறினால் அன்று காற்று இருக்கிறது, வீட்டுக்குத் திரும்புங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டயர் 8 மிமீ பூவிலிருந்து (மேற்புறப் பள்ளத்தின் ஆழம்) 2 மிமீக்குத் தேய்ந்தால் ஆரம் 300-லிருந்து 294 மிமீ ஆகிறது. ஓடோமீட்டர் 2 சதவீதம் அதிகமாகக் காட்டும். புது டயர் போட்டதும் "மைலேஜ் விழுந்துவிட்டது" என்று வருத்தப்படுவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை. சற்றுப் பெரிய டயர் மாற்றினாலும் இதே கதைதான்.

#8 வளிக்கணக்கு

கிரில் பற்றி. மூடுவதால் ரேடியேட்டர் வழியாகக் குழம்பிப் போகும் காற்று குறைந்து, மேலாகவும் பக்கவாட்டிலும் வழுக்கிப் போகிறது. எஞ்சினும் சீக்கிரம் சூடாகும்.

மேல் கிரில்லை முதலில் மூடுங்கள், பம்பரின் கீழ்த் திறப்பை விட்டுவையுங்கள். பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு நல்ல காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. மூடுமுன் பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேல் கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கும், அதை அடைக்கக்கூடாது. கிரில் பட்டைகளுக்கு வெளியே, பம்பரோடு சமமாகப் பொருத்தினால்தான் காற்றியல் லாபம். பின்னால் வைத்தால் சூடேற மட்டும் உதவும். குழாய்களுக்குப் போடும் நுரை உறையை நீளவாக்கில் பிளந்து பட்டைகளுக்கு இடையில் செருகுவது எளிது, கருவி இல்லாமல் பிடுங்கவும் முடியும். அந்த வசதி முக்கியம்.

மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். வழக்கமாக 88-92 டிகிரியில் ஓடும் வண்டி மூடியபின் 98-ஐத் தாண்டினால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது 75-லிருந்து 105 வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டது, அது நகரும்போது நேரம் கடந்திருக்கும். ஏசி இல்லாமல் 60-க்கு மேல் போகும்போது ஃபேன் ஓடினால் மூடியது அதிகம். ஏசி போடும் காலத்தில் பாதிக்கு மேல் மூடவே வேண்டாம். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் சூடானால் கம்ப்ரஸர் கூடுதல் பளு இழுக்கும், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். டர்போ வண்டியில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) முன்னால் எதுவும் வைக்காதீர்கள். தானே திறந்து மூடும் ஷட்டர் கம்பெனியிலிருந்தே இருந்தால் இந்த வேலையே தேவையில்லை.

#9 ஸ்பேனர்14

அடிப்பலகை. நால்வகை மாற்றத்திலும் அதிக லாபமும் அதிக ஆபத்தும் இதில்தான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சினுக்குக் கீழே கம்பெனி பிளாஸ்டிக் தட்டு இருந்ததா என்று முதலில் பாருங்கள். சர்வீஸில் கழற்றி மறந்துபோன வண்டிகள் நிறைய. அது இல்லையென்றால் முதல் மாற்றம் அதைத் திரும்ப வாங்கிப் போடுவதுதான்.

மீதி இடத்துக்கு: கோரோபிளாஸ்ட்டின் குழல்கள் முன்பின்னாக ஓடும்படி வெட்டுங்கள், குறுக்கு ஆங்கிள்களுக்கு இடையே தொய்யாது. முன் விளிம்பில் குழல் வாயை அலுமினிய டேப்பால் அடைத்து, பின் விளிம்பைத் திறந்து விடுங்கள், புகுந்த நீர் வடிய வேண்டும். ஆங்கிளை 40 செமீக்கு ஒன்று வையுங்கள். ஏற்கெனவே உள்ள எம்6, எம்8 துளைகளையே பயன்படுத்துங்கள். சேசிஸில் புதுத் துளை போடாதீர்கள், பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் பக்கம் டிரில்லே போகக்கூடாது. போல்ட் தலைக்கடியில் 25-30 மிமீ அகலமான வாஷர் இல்லாவிட்டால் ஷீட் கிழிந்து வெளியே வரும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் ஓடு வேய்வது போல முன் ஷீட்டின் பின் விளிம்பு அடுத்த ஷீட்டுக்குக் கீழே வர வேண்டும். மாற்றி வைத்தால் காற்று அதை உரித்துவிடும்.

முன் விளிம்பை ஜிப் டையால் கட்டவே கூடாது. பின்னால் கழன்றால் சத்தம் வரும், நிறுத்தலாம். முன்னால் கழன்றால் ஷீட் சாலையில் குத்தி, மடங்கி, பின்னால் வருபவரின் வண்டிமேல் போகும். அங்கே அலுமினியப் பட்டையும் நைலாக் நட்டும் (அதிர்வில் தளராத நட்டு) கட்டாயம்.

சூடு: கோரோபிளாஸ்ட் பாலிபுரோப்பிலீன். 100 டிகிரி அருகில் தளரும், 160-ல் உருகும், பிடித்தால் எரியும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் (புகையைச் சுத்திகரிக்கும் பகுதி) ஓடு பல நூறு டிகிரிக்குப் போகும். அதற்குக் கீழே எதுவும் வேண்டாம், சைலன்சர் ஓடும் பாதை முழுவதும் திறந்தே இருக்கட்டும், பக்கவாட்டில் 10 செமீ இடைவெளி விடுங்கள். எஞ்சின் எண்ணெய் கசிந்தால் முன்பு தரையில் தெரியும், இப்போது பலகையில் தேங்கும். தேங்கிய எண்ணெயில் காய்ந்த இலை சேர்ந்தால் அது திரி. கசிவு இருக்கும் வண்டிக்கு அடிப்பலகை கிடையாது, முதலில் சீலை மாற்றுங்கள்.

எண்ணெய் வடிக்கும் இடத்தில் 15 செமீ சதுரக் கதவு, தாழ்ந்த இடங்களில் 10 மிமீ வடிகால் துளை, ஜாக்கி வைக்கும் இடங்கள் திறந்த நிலையில். பின் பம்பரின் உட்குழி பாராசூட் மாதிரி காற்றைப் பிடிக்கும். பின் அச்சிலிருந்து பம்பர் விளிம்பு வரை ஒரு பலகை போட்டால் நல்லது, அங்கே சைலன்சர் டப்பா இருக்குமானால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

#10 வெள்ளிமுள்

சூடான காற்று இன்டேக் பற்றி யாரும் பேசவில்லை. புகை மேனிஃபோல்டு அருகிலிருந்து குழாய் இழுத்தால் பெட்ரோல் வண்டியில் பலன் உண்டு என்பேன். காற்று அடர்த்தி குறைவதால் அதே சக்திக்கு த்ராட்டில் அதிகம் திறக்கும், உறிஞ்சும் இழப்பு குறையும்.

#11 பல்சக்கரம்

கொள்கை சரி, முழுக்கதை அதுவல்ல. காற்று சூடானால் எஞ்சின் தட்டும் (கலவை தானாக வெடித்துச் சத்தம் வரும்) வாய்ப்பு கூடும், ஈசியூ இக்னிஷனை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்தள்ளும், அந்த இடத்தில் திறன் குறையும். இன்டேக் வெப்பநிலையையும் இக்னிஷன் அட்வான்ஸையும் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓபிடியில் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ் 2 டிகிரிக்கு மேல் பின்வாங்கினால் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த இடத்தில் பலன் தரலாம், வெப்பமான இடத்தில் நான் செய்யச் சொல்ல மாட்டேன். டீசலில் த்ராட்டில் வழியாகச் சக்தியைக் கட்டுப்படுத்துவதில்லை, அதனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

#12 டீசல்காரன்

ஹைட்ரஜன் கிட் (வண்டி மின்சாரத்தால் நீரைப் பிரித்து வாயுவை எஞ்சினுக்கு விடுவது), பெட்ரோல் குழாயில் காந்தம், ஈஜிஆரை (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) அடைப்பது? நிறைய பேர் செய்கிறார்கள்.

#13 வளிக்கணக்கு

ஹைட்ரஜன் கிட்: எஞ்சின் பெட்ரோல் ஆற்றலில் சுமார் 30 சதவீதத்தைச் சக்தியாக்குகிறது, ஆல்டர்னேட்டர் அதில் 55-60 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது, நீரைப் பிரிப்பதில் 65 சதவீதம் மிஞ்சினாலே நல்லது. மூன்றையும் பெருக்குங்கள், போட்ட ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்குதான் வாயுவாகத் திரும்புகிறது. காந்தம் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டோ சோதித்தோ பார்த்திருக்கிறது. கணிசமான லாபம் தந்தது என்று எதையும் அது காட்டவில்லை.

ஈஜிஆர் விஷயம் இன்னும் மோசம். பெட்ரோல் எஞ்சினில் பாதிப் பளுவில் ஈஜிஆர் திறப்பதே உறிஞ்சும் இழப்பைக் குறைக்கத்தான் உதவுகிறது. அடைத்தால் மைலேஜ் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும், எஞ்சின் தட்டும். புகைச் சட்டத்துக்கும் எதிரானது.

கூரையில் கேரியர் இருந்தால் இன்றே கழற்றுங்கள். பெரிய மூடுபெட்டி ஒன்று நெடுஞ்சாலையில் மைலேஜை 6-லிருந்து 17 சதவீதம் வரை தின்னும் என்பது அதே நாட்டு அரசுக் கணக்கு. கோரோபிளாஸ்ட் வேலை எல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு தராது.

#14 வெள்ளிமுள்

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டுவதற்கு இன்ஜெக்டர் ஸ்விட்ச் போடலாமா?

#15 ஸ்பேனர்14

வேண்டாம், தம்பி. எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு (மிதிக்கும் விசையைப் பெருக்குவது) வேக்யூம் வராது, மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்கு மட்டும். அதன்பின் பெடல் கல் மாதிரி. ஸ்டியரிங்கும் கனக்கும், சாவியைத் தவறாகத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கியரில் வைத்தே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஆர்பிஎம் ஓரளவு மேலே இருக்கும்வரை ஈசியூ இன்ஜெக்டரை முழுதாக மூடிவிடும், பெட்ரோல் பூஜ்யம். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்குப் பெட்ரோல் போகிறது.

#16 நான்காம்கியர்

எல்லோருக்கும் நன்றி. வரிசை இப்படி: பிரேக் பின், டயர் காற்று, தெர்மோஸ்டாட் பார்ப்பது, கூரைக் கேரியரைக் கழற்றுவது, அடிப்படை உருட்டுச் சோதனை, பிறகு கிரில், அடுத்து பின்பக்க அடிப்பலகை. சூடான இன்டேக்கை விட்டுவிடுகிறேன். வீல் மூடியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. நான்கிலும் ஒரே நேரத்தில் போடலாமா?

#17 ஸ்பேனர்14

பின் வீலில் முதலில் போடுங்கள், பிரேக் பளு அங்கே குறைவு. முன் வீல்தான் பெரும்பங்கு பிரேக் சூட்டை வெளியே தள்ளுகிறது; அங்கே போடுவதானால் விளிம்பைச் சுற்றி 10 மிமீ இடைவெளி விட்டு, நீண்ட இறக்கத்துக்குப்பின் தெர்மாமீட்டரால் டிஸ்க்கைப் பாருங்கள். மூடி இல்லாமல் வந்த எண்ணைவிட 40-50 டிகிரி கூடினால் முன்பக்கம் வேண்டாம். வால்வுக்கு ஒரு துளை விடுங்கள், இல்லாவிட்டால் காற்றுப் பார்ப்பதையே தள்ளிப்போடுவீர்கள். மூடியை வீல் நட்டுக்கு அடியில் வைத்து முடுக்காதீர்கள், பிளாஸ்டிக் அமுங்கி நட்டு தளரும். பின்பக்கப் பலகை போட்ட முதல் 100 கிமீக்குப் பிறகு ஒருமுறை, 500-ல் ஒருமுறை எல்லா நட்டையும் கைவைத்துப் பாருங்கள். பலகையில் பளபளப்பான தேய்மானம் தெரிந்தால் அங்கே ஏதோ உரசுகிறது.